எப்போது மாற்றுவது

ஒரு பொருள் நாளுக்கு நாள் பழுதாகிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு தடவையும் சரிசெய்து ஓட்டலாம். அல்லது தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கி வைக்கலாம். எந்தக் கட்டத்தில் முதலாவதை நிறுத்திவிட்டு இரண்டாவதைச் செய்வது? இந்த ஒரே கேள்வியோடு என் நடுவயது முழுவதும் போனது. காரைக்காலில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டே, வேறு ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். ஆய்வுத் தலைப்பை வழிகாட்டிதான் கொடுத்தார். ஆனால் அது எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் எங்கள் கல்லூரி விடுதியின் பின்பக்கம் இருந்த தண்ணீர் மோட்டார்.

அந்த மோட்டாரில் கம்பிச் சுருள் எரிந்துபோகும். கழற்றிக் கொண்டுபோய் வைண்டிங் செய்து மாட்டுவார்கள். முதல் தடவை சரிசெய்தபின் அது ஒரு கல்வியாண்டு முழுக்க ஓடியது. அடுத்த தடவை அரைப்பரீட்சை வரை. அதற்கடுத்து அவ்வளவு நாள்கூடத் தாங்கவில்லை. கடையில் கிடக்கும் காலமோ கூடிக்கொண்டே போனது. பழைய மாடலுக்குச் சாமான் கிடைப்பதில்லை. ஓடும் காலம் சுருங்குகிறது, கிடக்கும் காலம் நீள்கிறது. இந்த இரண்டையும் எழுதிவிட்டால் கணக்கு தயார். சீக்கிரம் மாற்றினால் மிச்சமிருக்கும் ஆயுள் வீண். தாமதமாக மாற்றினால் பழுதுச் செலவு ஏறிவிடும். செலவை வளைகோடாக வரைந்தால் முதலில் இறங்கி, அடியைத் தொட்டு, பிறகு ஏறும். அந்த அடிப்புள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வேடு.

என் மனைவி கோட்டுச்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. தலத்தெருவில் எங்கள் வீட்டிலிருந்து காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நாள் முழுக்க மைதானம்தான். கபடி, வளையப்பந்து, விளையாட்டு விழாவுக்கு அணிவகுப்பு. உட்கார்ந்து பாடம் நடத்துகிறவர்களைப் பார்த்து அவளுக்கு எப்போதும் ஒரு இளக்காரம் உண்டு. அதில் என்னையும் சேர்த்துத்தான். ஐம்பதை நெருங்கும்போது அவளுக்கு வலது முட்டியில் வலி தொடங்கியது. முதலில் தைலம், பிறகு முட்டியில் மாட்டும் பட்டை, பிறகு மாத்திரை. கடைசியில் தஞ்சாவூருக்குப் போய் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தோம்.

அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல மனிதர். அவசரப்படாமல் பேசினார்.

"குருத்தெலும்பு தேஞ்சிருக்கும்மா. ஒருநாள் முட்டிய மாத்தித்தான் ஆகணும். ஆனா இப்ப வேணாம். வைக்கிற முட்டிக்கும் ஒரு ஆயுசு இருக்கு. இப்பவே வச்சா உங்க வயசான காலத்துல அது தேஞ்சி மறுபடியும் திறக்க வேண்டி வரும். ரெண்டாவது தடவை அவ்வளவு சுலபம் இல்ல. முடிஞ்ச மட்டும் தள்ளிப் போடுங்க. எக்சர்சைஸ் பண்ணுங்க, தேவைப்பட்டா ஊசி போட்டுக்கலாம். தாங்க முடியலன்னா வாங்க."

எனக்கு உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. அவர் சொன்னது அப்படியே என் மூன்றாவது அத்தியாயம். திரும்பி வரும் பஸ்ஸில், கும்பகோணம் தாண்டியதும், எக்ஸ்ரே கவரின் பின்பக்கத்தில் அந்த வளைகோட்டை வரைந்து அவளுக்கு விளக்கினேன்.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள்.

அடிப்புள்ளிக்கு இடப்பக்கமாக ஒரு புள்ளி வைத்தேன். "இங்க."

"அப்ப இன்னும் எறங்கணுமா?"

"ஆமா. கொஞ்ச தூரம்."

"எறங்குறப்பத்தாங்க எனக்கு வலிக்கிது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்படித்தான் தள்ளிப்போடுவது என்று முடிவானது. அவளும் நானும் டாக்டரும் சேர்ந்து எடுத்த முடிவு. மூவரில் யாருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.

என் மனைவிக்கு ஒரே ஒரு அக்கா. நானும் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். மேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; நகராட்சியை எங்கள் ஊரில் பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். கணவர் இறந்தபின் டவுனில் மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். மகன் பிரான்சில். சின்ன வயதிலிருந்து அக்காளும் தங்கையும் ஒவ்வோர் ஆகஸ்ட் கடைசியிலும் வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். காவிப் புடவை கட்டிக்கொண்டு, கோயில் கூட்டத்தோடு, விடியற்காலையில் கிளம்பி நிரவி, பட்டினம், வாஞ்சூர், நாகூர் என்று நடப்பார்கள். கொடியேற்றத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. கல்யாணமான புதிதில் நானும் வருகிறேன் என்றபோது அக்கா சொன்னார்:

"நீங்க வேணாம் தம்பி. இந்த ஒரு நாள்தான் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது. நீங்க வந்தா உங்களுக்குத் தண்ணி இருக்கா, டீ வேணுமான்னே பொழுது போயிடும்."

அது உண்மைதான். வழியெல்லாம் அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. ஆனால் போய்வந்தபின் ஒரு வாரம் என் மனைவி வேறு மாதிரி இருப்பாள். சின்னப் பெண்போல எதற்கெடுத்தாலும் சிரிப்பாள்.

டாக்டரைப் பார்த்த வருடம் அவள் நாகூர்வரை நடந்தாள். அங்கிருந்து பஸ்ஸில் போய் வேளாங்கண்ணியில் அக்காவுக்காகக் காத்திருந்தாள். அடுத்த வருடம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்தே பஸ். அக்கா கூட்டத்தோடு நடந்து வந்து சேர்ந்தபோது இவள் சாப்பாடு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அதற்கடுத்த வருடம் போகவில்லை. போகிற கூட்டத்துக்கு வீட்டு வாசலில் மோர் கொடுத்தாள். அக்கா வரிசையிலிருந்து விலகி வந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

"சீக்கிரம் ஆபரேசன் பண்ணிக்கிட்டு வாடி. பேச ஆளு இல்லாம ஜெபமாலையே சொல்லிக்கிட்டுப் போக வேண்டியிருக்கு."

"அடுத்த வருசம்க்கா" என்றாள் இவள்.

நான் அப்போது ஆய்வேட்டின் கடைசிப் பகுதியில் இருந்தேன். ஓர் அமைப்பின் உள்நிலை நமக்கு நேரடியாகத் தெரியாது. அவ்வப்போது சோதித்து, கிடைக்கும் அறிகுறியை வைத்து மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கு ஒரு எல்லை வைத்துக்கொள்ள வேண்டும்; நிலை அந்த எல்லையைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும். வீட்டிலும் அதே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன். காலையில் காப்பி குடிக்கும்போது கேட்பேன்: "வலி எவ்வளவு இருக்கு? பத்துக்கு?"

அவள் எப்போதும் "நாலு" என்பாள்.

ஒருநாள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஸ்கூல்ல பிள்ளைங்க விழுந்து எந்திரிச்சி அழுதுகிட்டு வரும். நான் ஒரு நாளாவது பத்துக்கு எத்தனைன்னு கேட்டிருப்பனா? மூஞ்சியப் பாத்தாலே தெரியாது?"

அதன்பின் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவள் சமையலறையில் ஒரு கையைச் சுவரில் ஊன்றியபடி வேலை செய்வதைப் பார்த்தேன். கோயிலில் முழங்காலிடாமல் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்வதைப் பார்த்தேன். மைதானத்தில் விசிலை ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தே பயிற்சி நடத்துகிறாள் என்று அவளுடன் வேலை பார்க்கும் டீச்சர் சொல்லிக் கேட்டேன். எல்லாமே மெதுவாக வந்ததால் ஒவ்வொன்றும் பழகிப்போனது.

வாய்மொழித் தேர்வு நாளும் வந்தது. பல்கலைக்கழகத்தில் கணிதத் துறை இரண்டாவது மாடியில் இருந்தது. திரையும் கணினியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க நான் முன்கூட்டியே மேலே போய்விட்டேன். மனைவியும் மகளும் பின்னால் வந்தார்கள். அவர்கள் வந்தபோது லிஃப்டின் மேல் "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது" என்று அட்டை தொங்கியதாம். அதை மகள் பிற்பாடு சொன்னாள். நான் பேசத் தொடங்கியபோது என் மனைவி கடைசி வரிசையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெயிலில் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியில் என்னை நிறுத்தினார்.

"நீங்க நீண்டகாலச் சராசரிச் செலவைத்தான் குறைக்கிறீங்க. அதாவது இந்த மாற்றம் திரும்பத் திரும்ப, முடிவே இல்லாம நடந்துகிட்டே இருக்கும்னு எடுத்துக்கிறீங்க. எத்தனை தடவை மாத்துனாலும் வெளியில உள்ளது எதுவும் மாறாதுன்னும் எடுத்துக்கிறீங்க. இல்லையா?"

"ஆமா சார். அது வழக்கமான அனுமானம்."

"வழக்கம்தான். தெரிஞ்சுதான் எடுத்திருக்கீங்களான்னு கேட்டேன்" என்று சொல்லிப் புன்னகைத்தார். பட்டம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தார். கைதட்டினார்கள். இனிப்பு கொடுத்தோம்.

இறங்கும்போதுதான் பார்த்தேன். என் மனைவி இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். முதலில் வலது கால், பிறகு அதன் பக்கத்தில் இடது கால். மாணவர்கள் அவளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். என் கையில் சால்வையும் பூங்கொத்தும் இருந்தன. அவற்றை மகளிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"இவ்வளவு ஆயிடுச்சா? ஏன் சொல்லல?"

"நாலுதான்" என்றாள். மூச்சு வாங்கியது. "இன்னைக்கு உங்க நாளு. பேசாம வாங்க."

அந்த வாரமே தஞ்சாவூருக்குப் போய்விட வேண்டும் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. மகளுக்கு வரன் பேசி முடித்திருந்தோம். கல்யாணத்துக்கு முன்னால் படுக்க முடியாது என்றாள். கல்யாணம் முடிந்தது. பிறகு மகள் குழந்தை உண்டாகி வீட்டுக்கு வந்தாள். குழந்தை பிறந்து, அவர்கள் சென்னைக்குத் திரும்பிப் போகும்வரை இவள் ஒற்றைக் காலில் எல்லாவற்றையும் செய்தாள். பேரனைத் தூக்கிக்கொண்டு நடக்க மட்டும் மாட்டாள். உட்கார்ந்தபின் மடியில் வாங்கிக்கொள்வாள். பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். பள்ளியில் கொடுத்த பிரிவு உபசார விழாவில் மாணவிகள் மைதானத்தைச் சுற்றி அணிவகுத்து வந்தார்கள். இவள் மேடையில் உட்கார்ந்து சல்யூட் வாங்கினாள். நிற்க முடியவில்லை.

அதே சமயத்தில் அக்காவின் மகன் பிரான்சிலிருந்து வந்திருந்தான். அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. இனித் தனியாக விட முடியாது, கூட்டிப்போகிறேன் என்றான். நாங்கள் வழியனுப்ப டவுன் வீட்டுக்குப் போனோம். அக்கா ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வெயில் காலம் வந்ததும் திரும்பி வந்துடுவேன். ஆகஸ்ட்டுக்கு இங்க இருப்பேன்" என்றார். தங்கையின் முட்டியைத் தட்டி, "நீயும் அதுக்குள்ள இதப் பாத்து முடி. சேந்து நடப்போம்" என்றார்.

"உன்னால நடக்க முடியுமாக்கா, இந்த மூச்சோட?"

"நின்னு நின்னு போவோம். யாரு நம்மள வெரட்டுறா?"

அந்த ஆகஸ்டில் அக்கா வரவில்லை. அங்குள்ள டாக்டர்கள் பயணம் கூடாது என்றார்களாம். அதற்குள் இவளும் ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்லியிருந்தாள்.

அதே டாக்டர்தான் செய்தார். நல்லபடி முடிந்தது. இரண்டாம் நாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார்கள். மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வந்தபோது அவர் அவளுடைய தொடையை அழுத்திப் பார்த்தார்.

"முட்டி அருமையா உக்காந்திருக்கு. ஆனா தசை ரொம்ப இளைச்சிப் போச்சும்மா. வலிக்காக அந்தக் காலப் பயன்படுத்தாமயே இருந்திருக்கீங்க. ரெண்டு மூணு வருசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இன்னும் நல்லாருந்திருக்கும்."

"நீங்கதான் டாக்டர் தள்ளிப்போடச் சொன்னீங்க" என்றேன்.

"ஆமா. தாங்க முடியலன்னா வாங்கன்னும் சொன்னேன்" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. என் மனைவியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "ரொம்பத் தாங்கிட்டீங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிசியோதெரபி மாதக்கணக்கில் நடந்தது. கணுக்காலில் மணல்மூட்டை கட்டித் தூக்கச் சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் பற்களைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். தைப்பொங்கல் வாக்கில் கம்பு இல்லாமல் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். நான் வீடியோ காலில் போனைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தேன். திரையில் அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பேசவில்லை. கையை மட்டும் தூக்கி, வா வா என்று அசைத்தார். இவள் போனை நோக்கி நடந்துகொண்டே இருந்தாள். சுவர் வந்ததால் நான் நின்றேன்.

ஈஸ்டருக்கு முன்பே அக்கா இறந்துவிட்டார். விசா எடுத்துப் போக நேரமில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தோம். அங்கே மழை தூறிக்கொண்டிருந்தது. எங்களுக்குத் தெரியாத மனிதர்கள் கறுப்புக் குடை பிடித்து நின்றார்கள். சாமியார் பிரெஞ்சில் ஜெபம் சொன்னார். என் மனைவி வீட்டில் போனுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னேன். "நிக்க முடியுதுங்க" என்றாள்.

ஆகஸ்டில் அவள் காவிப் புடவையை எடுத்தாள். தடுக்க எனக்கு மனம் வரவில்லை. டாக்டரிடம் கேட்டோம், நிதானமாக, முடிந்த தூரம் போகலாம் என்றார். இந்த முறை என்னையும் கூப்பிட்டாள். கூட்டத்துக்குப் பின்னால் இருவரும் நடந்தோம். நிரவியில் ஒரு வீட்டில் நீர்மோர் கொடுத்தார்கள். பட்டினம் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. அவள் நன்றாகவே நடந்தாள், என்னைவிட நன்றாக. நான்தான் அடிக்கடி நின்றேன். தண்ணீர் வேண்டுமா, உட்காருகிறாயா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அக்கா அன்றைக்குச் சொன்னது சரிதான். எனக்கு வேறெதுவும் பேசத் தெரியவில்லை.

நாகூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. எழுந்திருக்கவில்லை.

"வலிக்கிதா?"

"இல்ல. முட்டி நல்லாத்தான் இருக்கு." டீயை ஆற்றினாள். குடிக்கவில்லை. "இதுக்கு மேல போகப் பிடிக்கல. பஸ்ல போயிடுவோமா?"

டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அடக்க முடியாமல் சொன்னேன். "நான் பெரிசா கோடெல்லாம் போட்டுக் காட்டினேன். அன்னைக்கே பண்ணிக்கச் சொல்லியிருந்தா…"

"நீங்க கோடு போட்டதுக்காகவா நான் இருந்தேன்?" என்று என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. "எனக்குப் பயம்ங்க. வெட்டி எடுத்துட்டு இரும்ப வைப்பாங்களேன்னு பயம். நீங்க சொன்னது அதுக்கு வசதியா இருந்திச்சி. அவ்வளவுதான்." ஆறிப்போன டீயைப் பெஞ்சில் வைத்தாள். "எல்லாரும் என் முட்டியவே பாத்துக்கிட்டு இருந்தோம். அது எப்பக் கெடும், எப்ப மாத்தலாம்னு. அக்கா எங்க போயிடப் போறான்னு இருந்துட்டேன்."

வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில்தான் போனோம். கொடியேறும்போது கூட்டம் ஆர்ப்பரித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அதன்பின் பல நாள் நான் என் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஏதாவது ஒரு பிழை இருந்தால் ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது. சமன்பாடுகளில் பிழை இல்லை. மோட்டாருக்கு அது பொருந்தும். புது மோட்டார் வந்தபோதும் அதே கிணறு, அதே தொட்டி, அதே விடுதி. எதற்காகத் தண்ணீர் இறைத்ததோ அது அங்கேயே இருந்தது. எங்களுக்கு அப்படி இல்லை. முட்டி புதிதாகி வந்தபோது, அது எந்த நடைக்காக வேண்டியிருந்ததோ அந்த நடை போய்விட்டிருந்தது. காத்திருந்த வருடங்களில் குறைந்த செலவு என்ன என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தேர்வாளர் கேட்டபோது வழக்கமான அனுமானம் என்று சொன்னேன். அவர் எனக்கு எதையோ தொட்டுக் காட்டியிருக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இப்போது இடது முட்டியும் தேய்ந்துவிட்டது. இத்தனை வருடம் உடம்பின் பாரமெல்லாம் அதன் மேல்தான் இருந்தது. சென்ற வாரம் தஞ்சாவூருக்குப் போயிருந்தோம். டாக்டருக்கும் தலை நரைத்துவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டு, "இது அவ்வளவு மோசம் இல்ல. இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம்…" என்று ஆரம்பித்தார்.

"எப்ப தேதி இருக்கு டாக்டர்?" என்று கேட்டாள் என் மனைவி.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவள் பக்கம் கை காட்டினேன். அவர் மேசையில் இருந்த டைரியைப் பிரித்து ஒரு நாளைச் சொன்னார். அவள் சரி என்றாள்.

வெளியே வந்ததும் மகளுக்குப் போன் செய்து சொன்னாள். பிறகு அக்காவின் மகனுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றாள். அங்கே இன்னும் விடிந்திருக்காது, வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாம் என்றேன்.

"தூங்குனா எந்திரிச்சப்புறம் பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அவனுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். நான் எங்கள் பஸ் நிற்கும் இடத்தை விசாரிக்கப் போனேன்.